அக்காவின் கோட்டுப் பையில் ஸ்கொட்லாந்து

ரொறன்ரோவில் இருந்து லண்டனுக்கு என்னைப் பனி நிபுணராக அழைத்திருந்தார்கள். நிபுணர் வந்து சேர்ந்தார். அவருடைய சூட்கேஸ் வரவில்லை.

ஹீத்ரோவில் பெட்டிகள் சுற்றி வரும் பட்டை வெறுமையாகச் சுழன்றுகொண்டிருந்தது. கடைசியில் யாரோ மறந்துவிட்ட ஒரு குழந்தைத் தள்ளுவண்டிதான் மூன்றாம் தரமாக என்னைப் பார்க்க வந்தது. விமான நிறுவனத்துப் பெண் மிகவும் அன்பானவள். "உங்கள் பெட்டி பத்திரமாக இருக்கிறது ஐயா. எங்கே என்பதுதான் தெரியவில்லை" என்றாள். துருவக் கரடிகூடப் பொறாமைப்படும் என்று சொல்லி விற்ற என் ஜக்கெட், கையுறை, காதுமூடி எல்லாம் அதற்குள். உடம்பில் இருந்தது மெல்லிய ஒரு சுவெற்றர். பனி நிபுணர் தை மாதத்து லண்டனில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கார் டிக்கியில் கிடந்த தன் பழைய மெரூன் கோட்டை எடுத்து வந்தாள். கழுத்தைச் சுற்றிப் பூனை மயிர் போல ஏதோ, முன்னால் பிஸ்கட் அளவில் பொத்தான்கள்.

"இது பொம்பிளையளின்ரை கோட்டெல்லே அக்கா?"

"குளிருக்குத் தெரியுமே நீ ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு? போடடா."

போட்டேன். அக்காவின் கணவர், என் அத்தான், சுற்றி வந்து பார்த்தார். "உமக்கு வடிவாய்த்தான் இருக்குது" என்றார். அவர் பகிடி விடுகிறாரா இல்லையா என்பது நாற்பது வருடமாக எனக்குப் பிடிபடாத விஷயம்.

அழைப்பின் கதை இதுதான். மார்கழியில் ஒருநாள் அத்தான் தொலைபேசியில் வந்தார். "தம்பி, மாசியிலை அக்காவுக்கு அறுபத்தஞ்சு. ஸ்னோவுக்குள்ளை ஒரு கேபின் எடுத்துப் பிள்ளையளோடை ஒரு கிழமை இருக்கப்போறம். எந்தப் பக்கம் எடுக்கிறதெண்டு நீர் வந்து சொல்லவேணும். நீர் ஸ்னோவுக்குள்ளை சீவிக்கிற ஆள்."

சீவிப்பது உண்மைதான். மீனும் தண்ணீருக்குள்தான் சீவிக்கிறது. அதற்காக ஆறு எங்கே தொடங்குகிறது என்று யாரும் மீனைக் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் பனி இலாகா மனைவியிடம் இருக்கிறது. அவள் பனி அள்ளும் சவளைக் கையில் தருவாள், நான் வாசலை வழிப்பேன். என்னுடைய நிபுணத்துவம் அவ்வளவுதான். ஆனால் அக்காவின் கணவாய்க் கறி கண்முன்னே வந்தது. "வாறன்" என்று சொல்லிவிட்டேன்.

ஹரோவில் அக்காவின் வீடு, இரண்டு வீடுகள் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் வகை. ரொறன்ரோவில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கவேண்டுமென்றால் ஒரு புயல் வந்து இரண்டு வேலிகளும் விழவேண்டும். இங்கே பக்கத்து வீட்டுக் கிழவர் தும்மினால் அத்தான் சுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆசீர்வதிக்கிறார். அவரும் அங்கிருந்து நன்றி சொல்கிறார்.

இரவுச் சாப்பாடு புட்டும் கணவாயும். நிபுணர் மூன்றாம் தரம் புட்டைப் போட்டுக்கொண்டபோது விசாரணை தொடங்கியது.

"கேபினுக்குக் கிட்ட ஒரு ஆஸ்பத்திரி இருக்கவேணும்" என்றார் அத்தான். "ஃபோனுக்குச் சிக்னல் வேணும். ஏத்தம் இறக்கம் இருக்கக்கூடாது."

"மலையிலை ஏத்தம் இல்லாமல் என்னெண்டு அத்தான்?"

"அதைத்தானே உம்மட்டைக் கேக்கிறன்."

குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. "குசினிக்குப் பெரிய யன்னல் வேணும். இல்லாட்டி மீன் பொரிச்ச மணம் போகாது. கறிவேப்பிலை வாங்க ஒரு தமிழ்க்கடையும் பக்கத்திலை இருந்தால் நல்லம்."

"இவ்வளவும் இருக்கிற ஒரு காடு எனக்குத் தெரியும் அக்கா."

"எங்கையடா?"

"ஹரோ."

அத்தான் சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே மூன்று இடங்களைத் தேடி வைத்திருந்தார். மேற்கே வேல்ஸ் மலைகள். வடக்கே ஏரிகள் சூழ்ந்த மலைநாடு. அதற்கும் வடக்கே, ஸ்கொட்லாந்தில் கெய்ர்ங்கோர்ம் மலையடிவாரம். விமானத்தில் படித்ததை நான் அவிழ்த்துவிட்டேன். "பனி நிச்சயம் வேணுமெண்டால் ஸ்கொட்லாந்துதான் அத்தான். மற்ற ரெண்டும் அதிர்ஷ்டம்."

அத்தான் புட்டைப் பிசைந்தார். "ஸ்கொட்லாந்து நல்ல தூரம்" என்றார்.

இதைச் சொன்னவர், ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்காக லண்டனில் இருந்து சுவிஸ் வரை கார் ஓட்டிப் போய், பலகாரம் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாளே திரும்பி ஓட்டி வந்தவர்.

தூரம் எது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவர்களுடைய மகள் சுபா அந்த மலையடிவாரத்துச் சின்ன ஊரில்தான் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியன் டங்கனைக் கலியாணம் செய்துகொண்டாள். அத்தான் சண்டை பிடிக்கவில்லை. பதிவுத் திருமணத்துக்கு வந்தார், கேக் சாப்பிட்டார், படத்துக்கும் நின்றார். ஆனால் இன்றுவரை அவள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கேட்டால் தூரம். சுபா கோடையில் தனியாக வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவாள். மகன் கோபி பிறிஸ்டலில் இருக்கிறான், வேல்ஸ் அவனுக்குப் பக்கம். ஆகவே அத்தான் வேல்ஸ் என்றார். சுபாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்குக் கிடைக்கும் லீவு வேல்ஸுக்கு வந்து திரும்பவே போய்விடும் என்று அக்கா சொன்னாள். அப்படியென்றால் நடுவில் ஏரிப் பக்கம் எடுப்போம் என்றேன் நான். இரண்டு பேரும் ஒன்றாக என்னை முறைத்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கடைசியில் அத்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார். "சனிக்கிழமை ஆர்ச்வே கோயிலிலை பூக்கட்டிப் பாப்பம். முருகன் சொல்லட்டும்."

முடிவு எடுக்க முடியாத இடத்தில் எங்கள் ஆட்கள் செய்கிற வேலை இது. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நிறப் பூ. ஒரே மாதிரிப் பொட்டலங்களாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. கலியாணம், காணி, கண் ஆபரேஷன் எல்லாம் இப்படி முடிவானதைப் பார்த்திருக்கிறேன். விடுமுறைக்கு மரவீடு எடுக்க முருகனைக் கூப்பிட்டது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

மறுநாள் பூ வாங்க நானும் அத்தானும் டூட்டிங் போனோம். பாதாள ரயில் பாதியில் நின்றது. ஓட்டுநர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "நமக்கு முன்னால் ஒரு ரயில் நிற்கிறது. அது ஏன் நிற்கிறது என்று எனக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும்." யாரும் தலையை நிமிர்த்தவில்லை. எதிரில் இருந்த வெள்ளைக்கார மூதாட்டி மட்டும் என் பக்கம் குனிந்து, "அழகான கோட்டு, கண்ணே. இப்போதெல்லாம் இப்படித் தைப்பதில்லை" என்றாள். அத்தான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

டூட்டிங்கில் ஜெறோம் அண்ணையின் பலசரக்குக் கடை. மன்னார்க்காரர். ஒரு காலத்தில் அத்தானும் அவரும் ஒரே பெற்றோல் செட்டில் வேலை செய்தவர்கள். வந்தவர்களுக்கு முதலில் மட்டன் ரோல், பிறகுதான் கதை. ரோல் அப்படியே அந்தக் காலத்து ருசி. கடித்தவுடன் நாக்குச் சுட்டு, கண்ணில் நீர் வந்து, மனிதன் ஏதோ பழைய ஞாபகத்தில் அழுகிறான் என்று பார்ப்பவர்கள் நினைக்கிற ருசி.

அத்தான் பூ தெரிவு செய்யப் பின்னால் போனதும் ஜெறோம் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"எந்தப் பக்கம் விழும் எண்டு நினைக்கிறீர்?"

"முருகனுக்குத்தான் வெளிச்சம் அண்ணை."

"உம்மடை அத்தானுக்கு உந்தப் பெடியனிலை இப்ப கோவமில்லை, தம்பி. மூண்டு வருசம் போகாமல் இருந்திட்டு இப்ப என்ன முகத்தோடை போறது? அதுதான் ஆளுக்குச் சிக்கல். ஆரும் பிடிச்சுத் தள்ளிவிட்டால் போயிடுவார்."

அத்தான் வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் செவ்வந்தி கொண்டு வந்தார். வெள்ளை ஸ்கொட்லாந்து, சிவப்பு வேல்ஸ் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். மஞ்சள் ஏரிப் பக்கத்துக்கு. அதை யாரும் கேட்கவில்லை, ஆனால் பூ வாங்கியாகிவிட்டது. கட்டுவதற்கு வாழையிலையும் வாங்கினோம். கல்லுப் போல உறைந்திருந்த இலை.

சனிக்கிழமை காலை அக்கா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டினாள். தலைக்கு முழுகாத ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம். நான் முழுகாத ஆள். என் மாற்றுடுப்பு இன்னும் உலகத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோயில் ஆர்ச்வே ஸ்டேஷனில் இருந்து மேடு ஏறும் தெருவில். கீழே கோட்டுகளைக் கொழுவிவிட்டு மேலே போனோம். திருநீறும் கற்பூரமும் ஈரச் சப்பாத்தும் கலந்த அந்த மணம் லண்டன் கோயில்களுக்கு மட்டுமே உரியது. ஐயர் மூன்று பொட்டலங்களையும் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோய்க் காட்டினார். பிறகு பட்டுப்பாவாடைக்கு மேலே உப்பிய ஜக்கெட் போட்ட ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் தட்டைக் கூர்ந்து பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "இதற்குள் சொக்லேட் இருக்கிறதா?"

"இல்லையம்மா. முருகனின்ரை பதில் இருக்கு."

அவளுக்குப் பெரிய ஏமாற்றம். கைக்குக் கிட்ட இருந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். ஐயர் பிரித்தார்.

வெள்ளை.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். திறந்தபோது, "அப்ப போகத்தானே வேணும்" என்றார். வரி கட்டச் சொல்லிக் கடிதம் வந்தவர் மாதிரி முகம். ஆனால் படி இறங்கும்போது மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு இறங்கினார்.

வெளியே வந்தால் பனி! நாங்கள் உள்ளே நின்ற நேரத்துக்குள் தெரு முழுக்க வெள்ளை. விரல் ஆழம்கூட இல்லை. ரொறன்ரோவில் இதற்கு யாரும் தொப்பி போடமாட்டார்கள். லண்டனோ அப்படியே நின்றுவிட்டது. மேட்டில் ஏறிய பஸ் ஒன்று பாதியில் வெட்கப்பட்டுக் குறுக்கே நின்றது. ஓட்டுநர் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் தரிப்பில் ஒருவர் மற்றவரிடம், "இதைத்தான் நேற்றுச் செய்தியில் சொன்னார்கள்" என்றார், உலகம் முடியப்போகிற குரலில்.

"பயப்பிடாதேங்கோ. காலைத் தட்டையாய் வைச்சு, சின்னச் சின்ன அடியாய் நடக்கவேணும்" என்று நிபுணர் விளக்கினார். விளக்கி முடிக்கும்போது நிபுணர் நிலத்தில் இருந்தார். அக்காவும் அத்தானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மெரூன் கோட்டைத் தூக்கி நிறுத்தினார்கள்.

கையுறை இல்லாத கைகளைச் சூடாக்கக் கோட்டுப் பைக்குள் விட்டேன். உள்ளே ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள். அக்கா மிஞ்சிய இரண்டையும் கீழே கொழுவியிருந்த கோட்டுக்குள், இத்தனை வருடப் பழக்கத்தில், தன்னுடைய கோட்டென்று நினைத்தே வைத்திருக்கிறாள். அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் நின்று ஒன்றைப் பிரித்தேன்.

வெள்ளை.

மற்றதையும் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

இரண்டாம் தரம் விழாமல் இருக்க ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போன அக்கா திரும்பினாள். என் கையைப் பார்த்தாள். அத்தான் கேட்காத தூரத்துக்கு வந்து, ஒரு சொட்டும் கூச்சமில்லாமல், "முருகன் தன்ரை ரெண்டாவது கலியாணத்தை ஆரைக் கேட்டுச் செய்தவர்? அவர் வேறை எதையடா சொல்லப்போறார்? நான் வேலையைச் சுகமாக்கி விட்டனான், அவ்வளவுதான்" என்றாள். "வாயைத் திறந்தியோ, கோட்டைக் கழட்டிப்போடுவன்."

பஸ் இல்லாததால் நடந்தோம். நடந்தபடியால்தான் அந்தக் கட்டிடத்தைக் கடந்தோம்.

கீழே உடுப்புத் தோய்க்கும் கடை இருந்தது, இப்போது கோப்பிக் கடை. மேலே இரண்டாம் யன்னல்தான் எங்கள் அறை. நான் அகதியாக வந்து இறங்கி, கனடாவுக்குப் போகும் வரைக்கும் இருந்த இடம். அக்கா, அத்தான், சுபா, கோபி, நான். ஒரு கட்டில். அத்தான் பகலில் பெற்றோல் செட், இரவில் பேக்கரி. அவர் வரும்போது பிள்ளைகள் நித்திரை. எழும்பும்போது அவர் இல்லை. கோபி அவரை மாமா என்று கூப்பிட்டான், என்னை அப்பா என்றான். வீட்டில் அதிக நேரம் கண்ணில் பட்டவன் நான்தானே.

ஒருநாள் விடிய எழும்பினால் இதே மாதிரிப் பனி. பஸ் இல்லை, ரயில் இல்லை. அத்தான் சப்பாத்தைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு கட்டில் விளிம்பில் இருந்து, "இண்டைக்கு ஷிப்ட் இல்லை" என்றார், யாரோ செத்த செய்தி சொல்வது மாதிரி. காசு போட்டால்தான் எரியும் ஹீற்றர் மத்தியானத்தோடு அணைந்துவிட்டது. ஐந்து பேரும் ஒரே போர்வைக்குள். தகர ரின்னில் வந்த மீனில் கறியும் பாணும். கடதாசிக்கூட்டத்தை எடுத்து முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடினோம். நாலாவது ஆள் வேண்டுமே, ஆறு வயதுச் சுபா அத்தானின் சோடி. தன் கடதாசிகளை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு விளையாடினாள். அத்தான் ஒவ்வொரு ஆட்டமும் தோற்றார், ஒவ்வொரு தோல்விக்கும் கைதட்டினார். அக்கா யன்னல் விளிம்பில் இருந்த பனியைக் கிண்ணத்தில் அள்ளி இனிப்பான ரின்பால் விட்டு ஐஸ்கிறீம் என்று கொடுத்தாள். அன்று பின்னேரம் கோபி முதல்முறையாகச் சரியான ஆளை அப்பா என்று கூப்பிட்டான்.

மார்கழியில் குடும்பக் குழுவில் சுபா எழுதியதும் இதைத்தான்: அந்த ஆர்ச்வே அறை மாதிரி ஒரு நாள் வேண்டும், எல்லாரும் பனிக்குள் அடைபட்டு. அத்தான் கேபின் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கோப்பிக் கடைக்குள் போய் மூன்று தேத்தண்ணி வாங்கினோம். அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "மேலை இப்ப ஆர் இருக்கினமோ" என்றார். "அந்த ஹீற்றரை மாத்தியிருப்பாங்களே" என்றாள் அக்கா. பின்னேரம் பனி உருகிச் சேறானது.

நான் புறப்படும் நாளில் பெட்டி வந்து சேர்ந்தது. லிஸ்பன் போய் வந்திருந்தது, என்னைவிடக் களைப்பில்லாமல். அக்கா கோட்டைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டாள். "உன்னிலை பார்த்த பிறகு எனக்கு அது சரிவராது" என்றாள். அத்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வாகன நெரிசலில் நிற்கும்போது கைக்குட்டையை எடுக்கப் போய், கோட்டுப் பையில் இருந்து வெள்ளை இதழ்கள் இரண்டு மடியில் விழுந்தன. மூட முயன்றேன்.

"மறைக்காதேயும்" என்றார் அத்தான், றோட்டைப் பார்த்தபடி. "சனிக்கிழமை அக்கா கட்டி முடிச்ச பிறகு பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தனான். சிவப்பும் மஞ்சளும் ஒரு பூக்கூடக் குறையாமல் கிடந்தது."

"அப்ப கோயிலிலை ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

அவர் கியரை மாற்றினார். "பூக்கட்டுவம் எண்டு ஆர் முதல் சொன்னது, தம்பி?"

நான் இதழ்களைப் பொறுக்கிக் கைக்குட்டைக்குள் வைத்தேன். "அக்காவுக்குச் சொல்லிப்போடாதேயும்" என்றார். "பாவம். கஷ்டப்பட்டுக் கட்டினவள்."

மாசியில் நான் போகவில்லை. ஒரு குளிர்காலத்தில் இரண்டு தரம் லண்டன் போக மனைவி விசா தரவில்லை. அவர்கள் அங்கே நின்ற கிழமையில் ஒருநாள் காலை வாசலை வழித்து, படிக்கும் சுற்றிவரவும் பனி உருக உப்புத் தூவிவிட்டு நிமிர, தொலைபேசி அடித்தது. திரையில் அத்தான், கம்பளித் தொப்பியோடு.

"மழை!" என்று கத்தினார். "வந்த நாளிலை இருந்து மழை! ஒரு பொட்டு ஸ்னோ இல்லை! நீர் என்ன நிபுணர்?"

"முருகனிட்டைத்தானே கேட்டனீங்கள் அத்தான்?"

அவருக்குப் பின்னால் அக்கா கண்ணைச் சிமிட்டினாள். முதல் நாள் சாப்பாடு சுபா வீட்டில்தானாம். அத்தான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். மழையில் எங்கும் போக ஏலாமல் எல்லாரும் மரவீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்களாம். கோபி அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தான். மேசையில் கடதாசிக்கூட்டம். அத்தானும் சுபாவும் சோடி, எதிரில் அக்காவும் டங்கனும். டங்கன் கவிழ்த்து வைக்கவேண்டிய துரும்புச் சீட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு எனக்குக் கை காட்டினான். அத்தான் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார்.

"டேய் மருமோன்! துரும்பை மூடு! எத்தினை தரம் சொல்லுறது!"

டங்கன் மூடினான். அந்தச் சொல்லை அவர் முதல் தரம் சொன்னார் என்பதை அவரைத் தவிர எல்லாரும் கவனித்தார்கள்.

சுபா தொலைபேசியைப் பிடுங்கினாள். "மாமா, அங்கே பனி இருக்கிறதுதானே? காட்டுங்கோ" என்றாள், பாதி ஆங்கிலத்தில். திருப்பிக் காட்டினேன். வாசல், தெரு, பக்கத்து வீட்டுக் கார், எல்லாம் வெள்ளை. ஐந்து முகங்களும் திரையில் நெருக்கியடித்தன.

"மாமா, கொஞ்சம் அள்ளிச் சாப்பிடுங்கோ. எனக்காக."

மெரூன் கோட்டோடு குனிந்து, காலடியில் கிடந்ததை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். சற்று முன்னர் நானே தூவிய உப்பு. தொண்டை வரை கரித்தது.

"எப்படி மாமா? அப்ப மாதிரியே இருக்கா?"

"ஓமடா" என்றேன். "ரின்பால் விட்ட மாதிரி."